கண்மாய்க் கணக்கெடுப்பு ஆப்: நல்ல போன் வைத்திருப்பவர்களின் தரவு மட்டும் சர்வருக்கு வரமாட்டேன் என்கிறது

மடைவாசல்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கைப் பக்கம் கண்மாய்களைக் கணக்கெடுக்க ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப் செய்து கொடுத்திருக்கிறேன். பெரிய கண்மாய்கள் அரசுத் துறை வசம் இருக்கின்றன, அவற்றுக்கு ஏதோ ஒரு ஆவணமாவது இருக்கும். நாங்கள் பார்ப்பது 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும் சின்னக் கண்மாய்கள். தன்னார்வலர்கள் கரையில் நடந்துபோய் மடை எப்படி இருக்கிறது, கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்) உடைந்திருக்கிறதா, வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறதா, சீமைக்கருவேலம் எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது என்று படிவத்தில் குறிப்பார்கள். கூடவே ஜிபிஎஸ் புள்ளி, மடைக்கு ஒரு போட்டோ கட்டாயம், விரும்பினால் இன்னும் மூன்று போட்டோ. அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி (மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுபவர்) யார், அவருடைய போன் நம்பர் என்ன என்பதும் படிவத்தில் உண்டு. ஊருக்குள் சிக்னல் இருக்கும், கரைக்குப் போனால் பாதி இடத்தில் இருக்காது. அதனால் எல்லாம் முதலில் போனில் சேமித்து, சிக்னல் வந்ததும் தானாக அனுப்புகிற மாதிரிதான் எழுதியிருக்கிறேன்.

ஆப் கோட்லின் மொழியில், போனுக்குள் சேமிக்க ரூம் என்ற டேட்டாபேஸ், பின்னணி வேலையை வரிசைப்படுத்த வொர்க்மேனேஜரும் இணையத்தில் அனுப்ப ஓகேஎச்டிடிபியும். சர்வரில் தரவை வாங்கும் நிரல் ஜாங்கோவில், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், இவற்றுக்கு முன்னால் வாசலாக என்ஜின்எக்ஸ், எல்லாம் மாத வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன விபிஎஸ்ஸில் ஓடுகிறது. படிவத்தையும் போட்டோக்களையும் ஒரே ஜேசன் உரையாக்கி, போட்டோவை பேஸ்64 ஆக (வெறும் எழுத்துகளாக) மாற்றி, ஒரே போஸ்ட் கோரிக்கையில் அனுப்புகிறேன்.

பிரச்சினை என்னவென்றால், சிலருடைய தரவு வரவே இல்லை. வீட்டில் வைஃபையில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க வைத்திருந்தும் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால் பழைய போன், மலிவு போன் வைத்திருப்பவர்களுடையது ஒழுங்காக வந்துவிடுகிறது, புதுசா வாங்கிய நல்ல போன்காரர்களுடையதுதான் நிற்கிறது. இன்னொரு பக்கம் சில கண்மாய்கள் இரண்டு மூன்று தடவை பதிவாகியிருக்கின்றன, எல்லா விவரமும் ஒன்றேதான். அப்புறம் ஆப்பைத் திறந்து பார்த்தால்தான் அனுப்பவே ஆரம்பிக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். என்ஜின்எக்ஸில் 1 எம்பி எல்லை இருப்பது தெரியும், அதை 20 எம்பி ஆக்கிவிட்டேன், அதனால் அது இல்லை. ஒருத்தர் கோபத்தில் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்திருக்கிறார், அவர் எடுத்தது அத்தனையும் போயே போச்சு. மற்றவர்களும் அப்படிச் செய்வதற்கு முன்னால் இதைச் சரிசெய்யணும். எங்கே பார்ப்பது?

பைட்பாண்டி:

சர்வர் லாக்கைப் போடுங்கள் தலைவா, அது இல்லாமல் பேசினால் ஜோசியம்தான். என்ஜின்எக்ஸ் லாக்கில் அந்த முகவரிக்கு வந்த ஸ்டேட்டஸ் கோடுகள் (சர்வர் பதிலாகச் சொல்லும் மூன்றிலக்க எண்கள், 200 என்றால் சரி) மட்டும் போதும். கூடவே இரண்டு விஷயம் சொல்லுங்கள்: வராத போன்களில் ஒரு போட்டோ எத்தனை எம்பி, அனுப்பும்போது 200 தவிர வேறு எது வந்தாலும் உங்கள் கோட் என்ன செய்கிறது.

இரட்டைப் பதிவுக்கு லாக் வேண்டாம், இப்போதே சொல்லிவிடலாம். போன் அனுப்பியது சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், டேட்டாபேஸிலும் எழுதியாகியிருக்கும், சரி வந்துவிட்டது என்ற பதில் திரும்பி வருகிற வழியில் சிக்னல் அறுந்திருக்கும். அல்லது சிக்னல் இருந்தும் சர்வர் மெதுவாகப் பதில் சொல்லியிருக்கும். ஓகேஎச்டிடிபி சும்மா விட்டால் 10 விநாடிதான் காத்திருக்கும், அதற்குமேல் தோல்வி என்று முடிவுகட்டிவிடும். இரண்டிலும் போன் பார்வையில் நடந்தது ஒன்றுதான், பதில் வரவில்லை, ஆகவே மறுபடி அனுப்பு. போகவே இல்லையா, போய்ச் சேர்ந்தும் பதில்தான் வரவில்லையா என்று போனால் கண்டுபிடிக்கவே முடியாது. இது உங்கள் கோடின் குறை இல்லை, இரண்டு தளபதிகள் புதிர் என்று 1970களிலேயே எழுதிவைத்து, தீர்வு கிடையாது என்றும் நிரூபித்துவிட்டார்கள். ஆகவே ஒரே ஒரு தடவை மட்டும் அனுப்புவது எப்படி என்று தேடாதீர்கள். எத்தனை தடவை வந்தாலும் ஒன்றாகவே பதிவாகிற மாதிரி சர்வரை மாற்றுங்கள்.

அதற்குப் பதிவின் அடையாளம் போனிலேயே பிறக்கணும். இப்போது சர்வர்தானே 1, 2, 3 என்று ஐடி கொடுக்கிறது? அதை விட்டுவிட்டு, தன்னார்வலர் புதுப் படிவத்தைத் திறக்கிற அந்த நிமிடத்தில் போன் ஒரு யூயூஐடி (வேறெங்கும் வராத நீண்ட அடையாள எண்) போட்டுவிடட்டும். பதிப்பு 4 என்றால் 122 பிட் சீரற்ற எண், இரண்டு போனில் ஒரே எண் விழுமோ என்று கவலைப்பட வேண்டாம். போஸ்ட் கோரிக்கைக்குப் பதில் புட் கோரிக்கை, முகவரியிலேயே அந்த ஐடி. போஸ்ட்கிரெஸில் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் (அதே ஐடி ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாதே), 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. முக்கியமானது, முதல் தடவை வந்தாலும் ஐந்தாவது தடவை வந்தாலும் போனுக்கு ஒரே பதிலைத்தான் தரணும். ஏற்கெனவே இருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் 409 அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆப் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

காகிதக்கப்பல்:

நான் கொஞ்சம் கசப்பான பதில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஆப்பை எழுதியிருக்கவே வேண்டாம்.

ஓடிகே என்று ஒன்று இருக்கிறது, 2008ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது, சிக்னல் இல்லாத இடத்தில் ஆண்ட்ராய்டு போனில் படிவம் நிரப்பி, அப்புறம் சர்வருக்கு அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. திறமூல மென்பொருள். அதை அடியாக வைத்து எழுந்ததுதான் கோபோடூல்பாக்ஸ். படிவத்தை எக்ஸெல் தாளில் எழுதுகிறீர்கள், ஒரு நெடுவரிசையில் தமிழ், இன்னொன்றில் ஆங்கிலம், இந்தக் கேள்விக்கு ஆம் என்றால் மட்டும் அடுத்ததைக் காட்டு என்கிற நிபந்தனைகள் எல்லாம் அதிலேயே. போட்டோவைச் சின்னதாக்குவது, ஜிபிஎஸ் துல்லியம் வரும்வரை காத்திருப்பது, ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஐடி போடுவது, மேலே பைட்பாண்டி சொன்னது உட்பட எல்லாம் பல வருஷமாகப் பலபேர் அடிபட்டுச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். சுகாதாரக் கணக்கெடுப்பு வேலையில் இருந்தபோது இதைத்தான் பயன்படுத்தினோம், டெவலப்பர் என்று ஒருத்தர்கூட எங்கள் குழுவில் கிடையாது.

நீங்கள் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. எழுதத் தெரியும் என்பதற்காகவே எழுதிவிடுகிறோம், அப்புறம் மூன்று வருஷம் அதற்குக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. அதை யோசியுங்கள்.

புதுமுகம்:

அண்ணே, ஏன் இவ்வளவு கஷ்டம், கூகுளின் ஃபயர்ஸ்டோர் டேட்டாபேஸைப் போட்டுவிட்டால் ஆஃப்லைன் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளுமே? நான் காலேஜ் புராஜெக்ட்டில் அப்படித்தான் செய்தேன், நன்றாகவே ஓடியது.

பைட்பாண்டி:

தம்பி, படிவத்துக்கு ஓடும், போட்டோவுக்கு ஓடாது. ஃபயர்ஸ்டோரில் ஒரு டாக்குமெண்ட் 1 எம்பியைத் தாண்டக்கூடாது, அதனால் போட்டோவைத் தனியாக ஸ்டோரேஜில்தான் போடணும், அந்த ஸ்டோரேஜுக்கு ஆஃப்லைன் வரிசை கிடையாது. அங்கே வந்ததும் மறுபடி இவர் எழுதிய அதே வரிசையை நீங்களும் எழுத வேண்டியதுதான். இரண்டு பேர் ஒரே பதிவைத் திருத்தினால் கடைசியாக வந்தவர் சொன்னதே நிற்கும், முன்னவர் எழுதியது சத்தமில்லாமல் போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலேஜ் புராஜெக்ட்டில் இரண்டாவது ஆள் இருந்திருக்க மாட்டார்.

மடைவாசல்:

காகிதக்கப்பல், கோபமெல்லாம் இல்லை. ஓடிகே பற்றித் தெரியாமல் இல்லை, தன்னார்வலர்கள் போன வருஷம் அதே கண்மாய் எப்படி இருந்தது என்று கரையில் நின்று பார்க்க ஆசைப்பட்டார்கள், பழைய போட்டோவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. அதற்காகத்தான் தனியாக எழுதினேன். நீங்கள் சொன்னது உண்மை, காவல் காப்பதுதான் பெரிய வேலையாக இருக்கிறது.

பைட்பாண்டி, லாக் பார்த்தேன். அந்த முகவரிக்கு 200 நிறைய, 400 அதைவிட நிறைய, நடுநடுவே 413. 400 எல்லாம் குறிப்பிட்ட சில போன்களிலிருந்துதான், திரும்பத் திரும்ப. 200 தவிர எது வந்தாலும் கோட் ரிசல்ட் ரீட்ரை, அதாவது மறுபடி முயற்சி செய், என்று திருப்பிவிடும். பழைய பதிவு முதலில், அது போனபிறகு அடுத்தது. நல்ல போன்களில் ஒரு போட்டோ 4லிருந்து 6 எம்பி. பழைய போன்களில் 1 எம்பிகூட இல்லை. ஜாங்கோ பக்கம் ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் போன்ற துணை நூலகம் எதுவும் இல்லை, நேராக ரிக்வெஸ்ட் பாடியை (வந்த கோரிக்கையின் உள்ளடக்கம்) எடுத்து ஜேசன் லோட்ஸ் கட்டளையால் படிக்கிறேன்.

பைட்பாண்டி:

கிடைத்துவிட்டது. கடைசி வாக்கியத்தில்தான் விடை இருக்கிறது.

என்ஜின்எக்ஸில் எல்லையை ஏற்றிவிட்டீர்கள், அதற்குப் பின்னால் ஜாங்கோ தன் பங்குக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது. டேட்டா அப்லோட் மேக்ஸ் மெமரி சைஸ் என்ற அமைப்பு, நாமாக மாற்றாவிட்டால் 2.5 எம்பி, அதாவது 26,21,440 பைட். ரிக்வெஸ்ட் பாடியை நேராகத் தொடும்போது அது இந்த எல்லையைவிடப் பெரியதாக இருந்தால் உள்ளே விடாமல் 400 என்று திருப்பி அனுப்பிவிடும். முறைப்படி மல்டிபார்ட்டாக, அதாவது தனிக் கோப்பாக, வருவதை அந்த எல்லை கணக்கில் எடுக்காது. நீங்கள் கோப்பை பேஸ்64 ஆக்கி ஜேசனுக்குள் வைத்துவிட்டதால், ஜாங்கோவைப் பொறுத்தவரை அது கோப்பே இல்லை, ஒரு நீளமான எழுத்துச் சரம். பேஸ்64 எதையும் மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும் என்பதால், ஒரு பதிவில் உள்ள போட்டோக்கள் மொத்தம் சுமார் 1.9 எம்பியைத் தாண்டினாலே கதை முடிந்தது. பழைய போன்காரர் ஒரு போட்டோவோடு தப்பித்தார், நல்ல கேமராக்காரர் முதல் போட்டோவிலேயே மாட்டிக்கொண்டார். நாலு போட்டோ எடுத்தவருடையது 20 எம்பியையும் தாண்டியிருக்கும், அதுதான் 413.

இது பாதிதான். அந்த ஒரு பதிவு மட்டும் நின்றிருந்தால் இவ்வளவு கலவரம் வந்திருக்காது. உங்கள் வரிசையில் பழையது போனால்தான் அடுத்தது. 400 என்றால் என்ன அர்த்தம்? நீ அனுப்பியது சரியில்லை, இதையே எத்தனை தடவை அனுப்பினாலும் இதே பதில்தான் என்று அர்த்தம். அதைப்போய் மறுபடி முயற்சி செய்யச் சொன்னால் அந்தப் பதிவு வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், பின்னால் நிற்கிற சின்னப் பதிவுகளும் உள்ளே போக முடியாது. ஒவ்வொரு தோல்விக்கும் வொர்க்மேனேஜர் இடைவெளியை இரட்டிக்கும், ஆரம்பம் 30 விநாடி, பத்துப் பதினோரு தோல்வியில் உச்ச எல்லையான 5 மணி நேரத்தைத் தொட்டுவிடும். ஆப்பைத் திறந்தால்தான் அனுப்புகிறது என்று சொன்னார்களே, அநேகமாக இதுதான். திறக்கும்போது நீங்கள் வேலையைப் புதிதாக வரிசையில் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், இடைவெளி மறுபடி 30 விநாடிக்கு வந்துவிடும்.

செய்ய வேண்டியது: பிழைகளை இரண்டாகப் பிரியுங்கள். இணைப்பே கிடைக்கவில்லை, நேரம் கடந்துவிட்டது, 5 என்று ஆரம்பிக்கிற கோடு, 408, 429, இவையெல்லாம் மறுபடி முயற்சிக்க வேண்டியவை. 4 என்று ஆரம்பிக்கிற மற்ற கோடுகள் வந்தால் அந்தப் பதிவின்மேல் பார்க்க வேண்டும் என்று ஒரு குறி போட்டு ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகணும். அழிக்கக்கூடாது. 401க்கு மட்டும் தனி வழி, உள்நுழைவு காலாவதியாகியிருக்கும், மறுபடி கேளுங்கள், அதற்குள் உள்ளே இருக்கிற பதிவுகளைத் தொடாதீர்கள். லாக்அவுட் செய்தால் லோக்கல் டேட்டாபேஸையும் துடைக்கிற ஆப்கள் இருக்கின்றன, அனுப்பாத பதிவு இருந்தால் லாக்அவுட்டையே விடக்கூடாது என்பது என் கட்சி.

போட்டோவைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். முதலில் படிவம் மட்டும், சில கேபி, ஒற்றைக் கோடு சிக்னலிலும் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு போட்டோவும் தனித்தனியாக, தனித்தனி யூயூஐடியோடு, மல்டிபார்ட்டாக. ஒன்று நின்றாலும் மற்றவை போகும். அனுப்புவதற்கு முன்னால் நீளப்பக்கம் 1600 பிக்சலுக்குச் சுருக்கி ஜேபெக் தரம் 80 வைத்தால் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் வரும், மடைச் சுவரில் இருக்கும் வெடிப்பு அதிலும் தெரியும். சுருக்கிய கோப்பை கேஷ் ஃபோல்டரில் வைக்காதீர்கள், இடம் பற்றாவிட்டால் ஆண்ட்ராய்டு அதைக் கேட்காமல் அழிக்கும். ஃபைல்ஸ் ஃபோல்டரில் வைத்து, ரூமில் பாதையை மட்டும் எழுதுங்கள். ரூமுக்குள்ளேயே போட்டோவைத் திணித்தால் ஒரு பதிவு 2 எம்பியை நெருங்கும்போது, அதைப் படிக்க ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் கர்சர்விண்டோ கையை விரித்துவிடும், எழுத முடிந்ததைத் திரும்பப் படிக்க முடியாது என்கிற விநோத நிலைமை.

இதையெல்லாம்விட தன்னார்வலருக்குத் தெரியணும். ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் போனில் மட்டும் இருக்கிறது, சர்வரில் சேர்ந்துவிட்டது, சிக்கல் இருக்கிறது என்று மூன்றில் ஒன்று தெளிவாகத் தமிழில் எழுதியிருக்கட்டும். சுற்றுகிற வட்டத்தைப் பார்த்து யாரும் எதையும் புரிந்துகொள்வதில்லை. அந்த மனிதர் ஆப்பை அழித்ததற்கும் இதுதான் காரணமாக இருந்திருக்கும்.

பூட்டுசாவி:

தொழில்நுட்பம் எல்லாம் சரி, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். நீர்ப்பாய்ச்சியின் போன் நம்பர் எதற்கு?

2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. அதன் அடிப்படை எளிதானது, எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கி, அதற்குத் தேவையானதை மட்டும் எடுக்கணும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை அவர் விரும்பினால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றில் படிக்க வழி இருக்கணும், அதாவது தமிழிலும் இருக்கணும். கரையில் நிற்கிற பெரியவரிடம் நம்பரை வாங்கி, அவருக்கே தெரியாமல் ஒரு விபிஎஸ்ஸில் போட்டுவைத்து, நாளைக்கு அந்த வரைபடத்தைப் பொதுவில் வெளியிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் திறப்பதில் தகராறு இருக்கிற ஊரில் யார் மடையைத் திறக்கிறார், அவர் நம்பர் என்ன என்பது சாதாரண தகவல் கிடையாது. உண்மையிலேயே தேவை என்றால் தனி அட்டவணையில் வையுங்கள், பார்க்கும் உரிமை ஒருவர் இருவருக்கு மட்டும். தேவை இல்லை என்றால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள், சேர்க்காத தரவு கசியாது.

பொதுவில் போடுகிற போட்டோவிலிருந்து எக்ஸிஃப் தகவலை (எடுத்த இடம், நேரம் போன்றவை) சர்வரிலேயே நீக்கிவிடுங்கள். ஆப்புக்குள் ஏபிஐ சாவி (சர்வருக்குள் நுழைய உதவும் ரகசியச் சொல்) எதையாவது எழுதி வைத்திருந்தால் அது ரகசியம் இல்லை, ஏபிகேயை, அதாவது ஆப்பின் இன்ஸ்டால் கோப்பை, பிரிக்கத் தெரிந்த யாரும் படித்துவிடலாம், அதனால் ஒவ்வொரு தன்னார்வலருக்கும் தனி டோக்கன் (நுழைவுச் சீட்டு) கொடுங்கள், போன் தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம். இருப்பிட அனுமதி ஆப் திறந்திருக்கும்போது மட்டும் போதும், பின்னணியில் வேண்டாம். ஆண்ட்ராய்டு 12லிருந்து பயனர் தோராய இருப்பிடம் மட்டும் தரலாம். அப்படித் தந்திருந்தால் சுமார் 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கேயோ ஒரு புள்ளிதான் கிடைக்கும். உங்கள் வேலைக்கு அது உதவாது, துல்லிய அனுமதி கிடைத்ததா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் ஏன் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

காகிதக்கப்பல்:

பூட்டுசாவி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சரி, எழுதியே ஆவேன் என்கிறீர்கள், அப்படியென்றால் களத்தில் நாங்கள் பட்ட இரண்டு விஷயம்.

முதலாவது ஜிபிஎஸ். கடைசியாகத் தெரிந்த இருப்பிடம் என்று ஒன்று கேட்டவுடனே கிடைக்கும், அதை எடுத்துவிடாதீர்கள், அது கால்மணி நேரம் முன்னால் டீக்கடையில் பதிந்த புள்ளியாக இருக்கலாம். புதிதாகக் கேளுங்கள், கூடவே வருகிற துல்லிய எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு தருகிற அந்த மீட்டர் கணக்கு 68 சதவீத நம்பிக்கைதான், 10 மீட்டர் என்று காட்டினால் மூன்றில் ஒரு தடவை உண்மையான இடம் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும். அந்த எண்ணையும் பதிவோடு சேர்த்து வையுங்கள், பின்னால் எதை நம்பலாம் என்று பிரிக்க உதவும். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று சிலர் நினைக்கிறார்கள். வேலை செய்யும், மெதுவாகச் செய்யும். இணையம் இருந்தால் செயற்கைக்கோள் விவரத்தை அங்கிருந்து வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் வானத்திலிருந்தே கேட்டு எடுக்கணும், ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறைதான் திருப்பிச் சொல்லும், நடுவில் ஒரு வேப்பமரம் மறைத்தால் மறுபடி காத்திருக்கணும். படிவத்தைத் திறந்ததுமே ஜிபிஎஸ்ஸை ஆரம்பித்துவிடுங்கள், கேள்விகளுக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் புள்ளி வந்துவிடும்.

இரண்டாவது பெயர். கண்மாய்ப் பெயரை வைத்து ஒன்றா வேறா என்று முடிவுசெய்யாதீர்கள், ஊருக்கு ஊர் ஒரு பெரிய கண்மாய், ஒரு புதுக்கண்மாய் இருக்கும். வருவாய்க் கிராமத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள், தட்டச்சு செய்யவிடாதீர்கள். தட்டச்சு செய்தால் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை வரும். காளையார்கோவில் என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், டேட்டாபேஸுக்கு வேறு வேறு பெயர். சர்வரில் வாங்கும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஔகாரத்துக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு எழுதுவது மட்டும் அதில் தீராது, ளகரம் தனி எழுத்தாயிற்றே, அதைக் கையால்தான் பிடிக்கணும்.

போன் கடிகாரத்தையும் நம்பாதீர்கள். படிவம் நிரப்பிய நேரம், சர்வருக்கு வந்த நேரம் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

மடைவாசல்:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. போன் நம்பர் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று குழுவில் பேசி முடிவாகிவிட்டது, அதை யாரும் இதுவரை பயன்படுத்தவே இல்லை என்பது கேட்டபிறகுதான் தெரிந்தது.

இப்போது என் பயமெல்லாம் ஏற்கெனவே போன்களில் மாட்டிக்கொண்டிருக்கிற பதிவுகள்தான். புது ஆப் எழுதி முடிக்க நாளாகும். பிளே ஸ்டோரிலும் இல்லை, ஏபிகேவாக வாட்ஸ்அப்பில் அனுப்பியது. புதியதை அனுப்பினால் பழையதன் மேலேயே உட்காருமா, இல்லை பழையதை எடுத்துவிட்டுப் போடச் சொல்வார்களா? கூகுள் பேக்கப்பில் இருக்குமே என்று ஒரு நண்பர் சொன்னார்.

பைட்பாண்டி:

பேக்கப்பை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப்பில் ஒரு ஆப்புக்கு 25 எம்பிதான், ஐந்தாறு போட்டோவில் நிரம்பிவிடும்.

முதலில் ஆப்பைத் தொடவே வேண்டாம், சர்வரை மட்டும் தொடுங்கள். ஜாங்கோவின் அந்த எல்லையை 50 எம்பி ஆக்குங்கள், என்ஜின்எக்ஸையும் 50 ஆக்குங்கள். நிரந்தரமாக வைக்கக்கூடிய ஏற்பாடு இல்லை, சின்ன விபிஎஸ்ஸில் நாலு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் மெமரி திணறும், ஆனால் இந்த வாரத்துக்குத் தாங்கும். அதைச் செய்துவிட்டு எல்லோரையும் வைஃபையில் வைத்து ஆப்பை ஒருதடவை திறக்கச் சொல்லுங்கள். வாசலை அடைத்திருந்த பதிவு உள்ளே போகும், பின்னால் இருப்பது எல்லாம் தானாக வரும். இரட்டைப் பதிவுகள் இன்னும் கொஞ்சம் வரும், வரட்டும், தரவு போவதைவிட இரண்டாக வருவது மேல்.

புதிய ஏபிகே பழையதன்மேல் உட்காரணும் என்றால் பேக்கேஜ் பெயரும் கையெழுத்துச் சாவியும் அதேதான் இருக்கணும், பதிப்பு எண் பழையதைவிடக் குறையக்கூடாது. உங்கள் லேப்டாப்பில் இருந்த டீபக் சாவியால் (சோதனைக்காகத் தானாக உருவாகும் கையெழுத்துச் சாவி) கட்டியிருந்தால் அந்தச் சாவிக் கோப்பை இப்போதே பத்திரமாக இன்னொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள், அது போனால் அழித்துவிட்டுத்தான் போட முடியும். ரூமில் அட்டவணையை மாற்றும்போது மைக்ரேஷன் (பழைய தரவைப் புது அமைப்புக்கு மாற்றும் கோட்) எழுதுங்கள், டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன் என்ற வரி எங்கேயாவது கோடில் இருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள், அது இருந்தால் அப்டேட் ஆகிற நிமிடத்தில் எல்லாம் காலி. பழைய பதிவுகளுக்கு அந்த மைக்ரேஷனிலேயே யூயூஐடி போட்டுவிடலாம்.

மடைவாசல்:

இரண்டு எல்லையையும் மாற்றிவிட்டு வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன், பாதிப்பேர் திறந்துவிட்டார்கள், வரிசையாக 200 வந்துகொண்டிருக்கிறது. டீபக் சாவிதான், நகல் எடுத்துவிட்டேன். டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன் வரியும் இருந்தது, ஏதோ பயிற்சிக் கோடிலிருந்து வந்தது, தூக்கியாகிவிட்டது.

ஒரு சந்தேகம் மட்டும். ஏற்கெனவே இரண்டு மூன்றாக வந்திருக்கும் பதிவுகளை எப்படிக் கழிப்பது? அவற்றுக்கு யூயூஐடி கிடையாதே.

பைட்பாண்டி:

அதே தன்னார்வலர், போனில் படிவம் நிரப்பிய அதே நேரம், ஜிபிஎஸ் புள்ளி கடைசி இலக்கம்வரை அதே. மூன்றும் பொருந்தினால் நகல்தான், ஒருத்தர் மறுபடி அதே இடத்தில் நின்று எடுத்தாலும் புள்ளி கடைசி இலக்கம்வரை ஒத்துப்போகாது. முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்காமல் நகல் என்று ஒரு குறி மட்டும் போடுங்கள், வரைபடத்தில் காட்டாமல் விடுங்கள். அழிப்பது என்றால் பேக்கப் எடுத்து, அதை வேறு ஒரு இடத்தில் திரும்ப ஏற்றிப் பார்த்தபிறகு அழியுங்கள். இன்னும் திறக்காத பாதிப்பேருக்கு வாட்ஸ்அப் போதாது, போன் போட்டுச் சொல்லுங்கள்.